கழட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்: சைக்கிள் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, செகண்ட் ஹேண்ட்ல ஒரு கேனன்டேல் மவுன்டன் பைக் வாங்கினேன். முன்சக்கரத்தப் புடிச்சிருக்குற ஃபோர்க்குக்கு எடது கால் மட்டும்தான் இருக்கு, பேரு லெஃப்டியாம். அபார்ட்மென்ட்ல ஆளாளுக்கு மீதி கால் எங்கப்பானு கேக்குறாங்க. அது போகட்டும், வாங்கினப்ப நல்லா அமுங்கிச்சு, நாலு மாசம் அவலஹள்ளி காட்டுக்குள்ள ஓட்டினதுல இப்போ பாதிதான் அமுங்குது. போச்சா? (வாசகர், அல்சூர்)

பதில்: போகல தம்பி. கேக்குறவங்களுக்குப் பழைய பஜாஜ் சேத்தக் ஒண்ணக் காட்டுங்க. அதுலயும் முன்சக்கரம் ஒரே பக்கத்துலதான் தொங்கும், அதுல புருஷன் பொண்டாட்டி ரெண்டு புள்ள கேஸ் சிலிண்டர் எல்லாம் போச்சு, ஒருத்தரும் மீதி கால் எங்கனு கேட்டதில்ல.

சாதா ஃபோர்க்குல உள்ள போற குழாய் உருண்டை, ஒரு கால் மட்டும் இருந்தா அது சுத்திக்கும், அதனாலதான் ரெண்டு. பழைய லெஃப்டியில உள்குழாய்க்கு நாலு பக்கமும் தட்டையா பட்டை அடிச்சு, ஒவ்வொரு பட்டையிலயும் ஊசி மாதிரி குட்டி உருளைங்க, மொத்தம் 88, வரிசையா உக்காந்திருக்கும். திரும்பவும் வழியில்ல, பிரேக் புடிச்சாலும் இறுகாம உருண்டுக்கிட்டே அமுங்கும். அந்த சொகமே வேற.

ஆனா அடி வாங்க வாங்க அந்த உருளை வரிசைங்க கொஞ்சம் கொஞ்சமா எடம் நகந்துடும், நகந்தா முழுசா அமுங்க எடம் பத்தாது, உங்களுதுக்கும் அதுவா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். மொதல்ல லாக்கவுட்ட, அதாவது ஃபோர்க் அமுங்காம பூட்டுற அமைப்ப, தொறந்து வச்சு ஃபோர்க்குக்குள்ள இருக்குற காத்த முழுசா எறக்கிட்டு கையால அமுக்கிப் பாருங்க. கடைசி வரைக்கும் போச்சுன்னா நீங்கதான் காத்த ஜாஸ்தி அடிச்சிருக்கீங்க, ஷாக் பம்ப் வச்சு சரி பண்ணுங்க. காத்தே இல்லாம பாதியில டக்குனு நின்னா, கழட்டி அந்த உருளை வரிசைங்கள பழைய எடத்துக்குத் தள்ளணும், லெஃப்டி கழட்டத் தெரிஞ்ச ஆளுகிட்ட குடுங்க. முக்குக் கடை அண்ணன் சுத்தியலோட வந்தா சைக்கிளத் தூக்கிட்டு ஓடிடுங்க.

ஒரு லாபமும் உண்டு, பஞ்சரானா சக்கரத்தக் கழட்டாமயே டியூப் மாத்தலாம். கழட்டித்தான் ஆகணும்னா மொதல்ல டிஸ்க்க கவ்வுற பிரேக் காலிப்பர அவுக்கணும், மறந்தா வெளிய வராது. சக்கரத்து நடுவுல இருக்குற ஹப்பும் தனி, அடுத்தவன் சக்கரத்தக் கடன் வாங்கி மாட்ட முடியாது.

கேள்வி: பையன் முன்னாடியும் பின்னாடியும் ஸ்பிரிங் வச்ச டபுள் ஷாக்கர் சைக்கிள்தான் வேணும்னு அடம். பத்தாயிரத்துக்குள்ள கெடைக்குது, வாங்கலாமா? (வாசகி, கே.ஆர்.புரம்)

பதில்: வேணாம்மா. அந்த வெலைக்குப் பின்னாடி இருக்குறது பெரும்பாலும் வெறும் ஸ்பிரிங்தான், உள்ள துள்ளல அடக்குற ஆயில் டேம்பர் கெடையாது, அமுங்கினது திருப்பி ஒதைக்கும். மிதிக்கிற பலத்துல ஒரு பங்கு ஸ்பிரிங்க ஆட்டவே போயிடும். 90கள்ல ட்ரெக் கம்பெனி ஒய் ஷேப் ஃப்ரேம்ல ஒரு வித்தை பண்ணுச்சு, பெடல் மாட்டுற எடத்தையே பின்சக்கரத்தோட சேத்து வச்சிடுச்சு. செயின் இழுப்புல ஆட்டம் கம்மிதான், ஆனா எழுந்து நின்னா நம்ம வெயிட் மொத்தமும் அந்தப் பின்பக்கத்து மேலயே எறங்கி சஸ்பென்ஷன் கட்டையாயிடும், கல்லு மேல போறப்ப எழுந்துதானே நிப்போம், அப்பப் பாத்து அது வேலை செய்யலன்னா என்ன பிரயோஜனம்? பையனுக்கு அதே காசுல சஸ்பென்ஷனே இல்லாத சைக்கிள் கொஞ்சம் அகலமான டயரோட வாங்கிக் குடுங்க. ரெண்டு நாள் மொறைப்பான், சரியாயிடும்.

கேள்வி: ஆயில், சீல் எதுவுமே இல்லாத ஃபோர்க் இருக்கா? சர்வீஸ் பண்ணி அலுத்துப் போச்சு. (வாசகர், ஸ்ரீராமபுரம்)

பதில்: இருக்கு. ஐஸ்லாந்துக்காரங்க லாஃப்னு ஒண்ணு பண்றாங்க, லாரிக்கு அடியில பட்டை ஸ்பிரிங் இருக்குமே அதே யோசனை, கண்ணாடி நார்ல மெல்லிசா பட்டைங்க, மவுன்டன் பைக்குக்கு 60 மில்லிமீட்டர் அமுங்கும். சேறு பட்டா தண்ணி ஊத்திக் கழுவினா போதும். டேம்பர் இல்லாததால பெரிய குழியில எறங்கினா துள்ளும், நந்தி ஹில்ஸ் பக்கத்து மண் ரோட்டுக்கு தாராளம், பாறை மேல குதிக்கிறதுக்கு இல்ல.

ரப்பர் கட்டை வச்ச 90களோட எலாஸ்டோமர் ஃபோர்க் யாராவது சல்லிசா குடுத்தா மட்டும் வாங்கிடாதீங்க. நானும் ஒருக்கா ஆசைப்பட்டு வாங்கினேன், தொறந்தா உள்ள மஞ்சக் கட்டை நாலும் ஜவ்வு மிட்டாய் மாதிரி உருகிக் குழாயோட ஒட்டிக்கிச்சு. குச்சி விட்டுச் சொரண்டி எடுக்கவே ஒரு ஞாயித்துக்கிழமை போச்சு, மாத்துக் கட்டை இன்னமும் கெடைக்கல.