கார்பன் டை ஆக்சைடு கணக்கில் சிமெண்டுக்கு ஏன் தனி வரிசை?

நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவோடு சிமெண்டையும் சேர்த்தால் ஒரே புகையை இரண்டு முறை எண்ணியதாகாதா என்கிறீர்கள். ஆகாது. குமரிக் கடலோரத்தில் சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கும் சூளையை நினைத்துப் பாருங்கள். சிப்பி ஓட்டின் முக்கியப் பொருளான கால்சியம் கார்பனேட் சுத்தமாக 100 கிலோ முழுக்க வெந்தால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்புதான் மிஞ்சும். மீதி 44 கிலோ, சிப்பிக்குள்ளிருந்தே கார்பன் டை ஆக்சைடு வாயுவாகப் போகிறது. விறகுப் புகை வேறு. சிமெண்ட் ஆலையில் சுண்ணாம்புக்கல்லுக்கும் இதே கதிதான். அங்கே எரிக்கும் நிலக்கரி, நிலக்கரி வரிசையிலேயே சேர்ந்துவிடும்.

இந்த நான்கையும் சேர்த்த உலகக் கணக்கில், 19ஆம் நூற்றாண்டில் ஏறக்குறைய எல்லாமே நிலக்கரியிலிருந்து வந்தது. 1960களின் பிற்பகுதியில் எண்ணெய் முந்தியது. 2000களில் சீனாவின் வளர்ச்சியால் மறுபடி நிலக்கரி. சிமெண்ட் இன்று சுமார் 4 சதவீதம்.

பழைய அட்டவணைகளில் அலகைப் பாருங்கள். பலவற்றில் கார்பன் எடை மட்டும் இருக்கும், அதை 3.67ஆல் பெருக்கி கார்பன் டை ஆக்சைடு எடையாக்காமல் ஒப்பிட்டால் கணக்கு கவிழ்ந்துவிடும்.