ஆப்பை அழித்தாலும் ஆட்கள் அங்கேதானே இருக்கிறார்கள்!

கேள்வி: எனக்கு வயது 41. இரண்டு வருடத்தில் மூன்று முறை ஃபேஸ்புக்கை விட்டேன், மூன்று முறையும் திரும்பிவிட்டேன். அதில் வரும் வீடியோக்கள் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஆனால் கல்லூரித் தோழிகள், நாத்தனார் குடும்பம் எல்லாரும் அங்கேதான். எனக்கு மனவுறுதி போதவில்லையா? – வாசகி, திருச்சி

பதில்: மனவுறுதியை விடுங்கள். வீடியோ பிடிக்கவில்லை, ஆனால் மனிதர்கள் வேண்டும் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். விஷயம் அவ்வளவுதான்.

ஆர்க்குட் ஞாபகம் இருக்கும். 2014 செப்டம்பர் 30 அன்று கூகுள் அதை மூடியபோது நம்மில் பலர் ஏற்கெனவே ஃபேஸ்புக்குக்குக் குடிபோயிருந்தோம். வசதிகளை ஒப்பிட்டுப் பார்த்தா போனோம்? நாலு பேர் போனார்கள், பின்னாலேயே நாமும் போனோம்.

2023இல் அமெரிக்காவில் பொருளாதார ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். நான்கு வாரம் கணக்கை முடக்கிவைக்க எவ்வளவு பணம் வேண்டும்? டிக்டாக்குக்குச் சராசரியாக 59 டாலர், இன்ஸ்டாகிராமுக்கு 47 டாலர் என்று வந்தது. சரி, உங்களோடு மற்ற மாணவர்களும் சேர்ந்து வெளியேறினால்? பதில் தலைகீழானது. அப்படி நடப்பதற்காகத் தாங்களே முறையே 28, 10 டாலர் தரத் தயார் என்றார்கள்! எல்லாரும் இருப்பதால் நானும் இருக்கிறேன் என்பதுதான் பாதிக் கதை. ஆகவே தனியாகக் கிளம்பினால் திரும்பத்தான் தோன்றும்.

ஆப்பை அழிப்பதற்கு முன் ஆட்களை வெளியே கொண்டுவாருங்கள். ஒரு தாளில் பெயர்களை எழுதுங்கள். யாருடைய வீட்டு விசேஷம் தெரியாமல் போனால் உங்களுக்கு வருத்தமாக இருக்கும்? எட்டு பத்துப் பேர் தேறலாம். அவர்களுடைய கைப்பேசி எண், பிறந்தநாள் இரண்டையும் வாங்கிவிடுங்கள். பிறந்தநாளை ஞாபகப்படுத்துவதற்காகவே ஃபேஸ்புக்கை வைத்திருப்பவர்கள் ஏராளம்.

மீதிப் பேர்தான் சிக்கல். பழைய ஆசிரியை, முன்பு வேலை பார்த்த இடத்தில் பழகியவர், எப்போதோ பக்கத்து வீட்டில் இருந்தவர். இவர்களைத் தனித்தனியாக வாட்ஸப்புக்கு இழுத்துவர முடியாது. ஆனால் அற்பம் என்று தள்ளிவிடவும் வேண்டாம். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இலேயே எழுதினார்: வேலை வாய்ப்பு போன்ற புதுத் தகவல்கள் நெருங்கியவர்களைவிட இப்படிப்பட்ட அரைகுறைப் பழக்கங்கள் வழியாகவே அதிகம் வருகின்றன. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்குமே!

அதனால் கணக்கை ஒரேயடியாக நீக்கச் சொல்ல மாட்டேன். கைப்பேசியிலிருந்து ஆப்பை எடுத்துவிட்டு, வாரம் ஒருமுறை கணினியில் மட்டும் எட்டிப்பாருங்கள். அதுவும் அதிகம் என்றால் கணக்கைத் தற்காலிகமாக முடக்கலாம். அப்போதும் மெசஞ்சர் வேலை செய்யும், தோழிகளின் செய்தி வரும். நிரந்தரமாக நீக்கினால் மனம் மாற 30 நாள்தான் அவகாசம். அதற்குமுன் படங்களைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். வேறு ஆப்களில் ஃபேஸ்புக் வழியாக நுழைகிறீர்களா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் அங்கேயும் கதவு சாத்திக்கொள்ளும்.

நாத்தனாரிடம் நீங்களே போன் செய்து சொல்லிவிடுங்கள், லைக் வராமல் போனதற்கு அவர் வேறு காரணம் கண்டுபிடிப்பதற்குள்.