1967 மஸ்டாங்குக்கு ஏசி பொருத்தலாமா? பொருத்தலாம், ஆனால் பெட்டி வாங்குவது கடைசி வேலை

எஞ்சின் தாங்கும், முறையாகச் செய்தால் காரின் மதிப்பும் போகாது. ஏசி இல்லாமல் வந்த, 289 கன அங்குல V8 எஞ்சின் உள்ள 1967 ஃபோர்டு மஸ்டாங்கில் வெளிச்சந்தை ஏசியை (காரைத் தயாரித்தவர் அல்லாத நிறுவனம் விற்பது) பொருத்தினால் எஞ்சின் கொதித்துவிடுமா, அசல் தன்மை கெட்டு விலை குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த ஊர் என்று நீங்கள் சொல்லவில்லை. இப்படி ஒரு கவலை வந்திருப்பதால் டெக்சாஸ், அரிசோனா, ஃபுளோரிடா போன்ற வெயில் மாநிலம் ஒன்றில் இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் ஹூஸ்டனில் வசிக்கிறேன். என்னிடம் இருப்பதும் அதே ஆண்டு மஸ்டாங், பின்பக்கம் சரிந்திறங்கும் ஃபாஸ்ட்பேக் வடிவம், அதே 289. அதை மசில் கார் (பெரிய எஞ்சின் கொண்ட அக்காலத்து வேகக் கார்) என்று ஒப்புக்கொள்ளாதவர்கள் இருப்பது எனக்குத் தெரியும். செவெல், ஜிடிஓ, கமாரோ என எதை வைத்திருந்தாலும் கீழே சொல்வதில் பெரும்பகுதி அப்படியே பொருந்தும்.

முதலில் அசல் தன்மை. கண்காட்சிகளில் பானட்டைத் திறந்து வைத்தால், கம்ப்ரஸரைப் பார்த்ததும் முகம் சுளிப்பவர்கள் கட்டாயம் வருவார்கள். தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலையிலேயே காரை வைத்துப் புள்ளிகளுக்காகப் போட்டியிடுவோருக்கு அது நியாயமான நிலைப்பாடு. அவர்களோடு எனக்கு வழக்கு இல்லை. ஆனால் பழைய காரில் ஏசி வைப்பதே அபசாரம் என்று பேசுவதை என்னால் ஏற்க முடியாது. 1965, 66 மஸ்டாங்குகளுக்கு டேஷ்போர்டின் கீழே தொங்கும் ஏசிப் பெட்டியை ஃபோர்டே விற்றது. 1967இலிருந்து டேஷ்போர்டுக்குள்ளேயே அடங்கிய ஏசி விருப்பத் தேர்வாகக் கிடைத்தது. நம் கார்களை அன்று வாங்கியவர்கள் அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். கழற்றும் ஹீட்டர் பெட்டி, கட்டுப்பாட்டுக் கைப்பிடிகள், பிராக்கெட்டுகள் எல்லாவற்றையும் பெயர் எழுதி ஒரு பெட்டியில் பத்திரப்படுத்துங்கள். எஞ்சின் அறைக்கும் கேபினுக்கும் இடையிலுள்ள ஃபயர்வாலில் புதிய துளைகளைத் தவிர்த்து, ஏற்கெனவே உள்ள திறப்புகளை மூடும் தகடு வழியாகக் குழாய்களைக் கொண்டு செல்லும் ஏசித் தொகுப்பாக (கிட்) பார்த்து வாங்குங்கள். நாளை வாங்குபவர் விரும்பினால் பழையபடி மாற்றிக்கொள்ளலாம்.

இனி எஞ்சின் சூடு. கேபினிலிருந்து எடுத்த வெப்பத்தை ஏசி ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டன்சரில்தான் கொட்டுகிறது. ஆகவே ரேடியேட்டருக்குள் நுழையும் காற்று ஏற்கெனவே சூடானது. நெடுஞ்சாலையில் இது பெரிதாகத் தெரியாது. காரின் வேகமே காற்றைத் தள்ளிவிடும். சிக்னலில் நிற்கும்போதுதான் சோதனை, ஏனெனில் அப்போது மெதுவாகச் சுழலும் விசிறி மட்டுமே துணை. விசிறியைச் சுற்றி ஷ்ரௌட் (காற்றை வழிநடத்தும் கூடு) இல்லையென்றால் அது ரேடியேட்டர் வழியாக இழுக்க வேண்டிய காற்றை விளிம்புகளிலிருந்தே இழுத்து, எஞ்சின் அறையின் சூட்டையே சுற்றிச் சுற்றி விடும்.

என் கார் விஷயத்தில் இதைத்தான் பார்த்தேன். சான் அன்டோனியோவில் இருக்கும் விண்டேஜ் ஏர் நிறுவனத்தின் தொகுப்பை வாங்கி, பழைய கார்களில் தேர்ந்தவர்கள் என்று சொல்லிக்கொண்ட ஒரு பணிமனையில் பொருத்தக் கொடுத்தேன். வண்டி வந்த அந்த ஜூலையில், நெரிசலில் சிறிது நேரம் நின்றாலே வெப்ப முள் மேலே ஏறியது. உள்ளே வந்த காற்றும் குளுமை என்று சொல்லும்படி இல்லை. பணிமனையில் கேட்டபோது, இந்தத் தொகுப்புகளே இப்படித்தான், சிறிய எஞ்சின் தாங்காது, இன்னும் கொஞ்சம் ஏசி வாயு ஏற்றித் தருகிறோம் என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை. வீட்டில் பானட்டைத் திறந்து, ஹீட்டருக்குப் போகும் ஹோஸையும் திரும்பி வரும் ஹோஸையும் தொட்டுப் பார்த்தேன். ஏசி முழு வேகத்தில் ஓடி, ஹீட்டர் வால்வு மூடியிருக்க வேண்டிய நேரத்தில், இரண்டுமே கை வைக்க முடியாதபடி சுட்டன. எஞ்சினின் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து ஹீட்டருக்குச் சுடுநீர் கொண்டு வரும் ஹோஸில் இருக்க வேண்டிய வால்வைத் திரும்பும் ஹோஸில், அதுவும் அம்புக்குறிக்கு எதிர்த்திசையில், பொருத்தியிருந்தார்கள். இந்தத் தொகுப்புகளில் காற்றைக் குளிர்விக்கும் எவாபரேட்டரும் சுடுநீர் ஓடும் ஹீட்டர் கோரும் ஒரே பெட்டிக்குள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்று குளிர வைத்த காற்றை மற்றொன்று உடனே சூடாக்கிக்கொண்டிருந்தது. மேனிஃபோல்டு பக்க ஹோஸைக் கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டு, நடு வென்ட்டில் வெப்பமானியைச் செருகி வைத்துக் காத்திருந்தேன். 64 டிகிரி ஃபாரன்ஹீட்டில் நின்ற முள் மெல்ல இறங்கி 48க்கு வந்தது. வாயுவை யாரும் தொடவே இல்லை.

வால்வைச் சரியான இடத்துக்கு மாற்றினேன். காருக்கு ஷ்ரௌட்டே இல்லை என்பதைப் பணிமனையில் ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. அதையும், கூடுதல் இதழ்கள் கொண்ட கிளட்ச் விசிறியையும், அகலமான குழாய்கள் கொண்ட அலுமினிய ரேடியேட்டரையும் போட்டேன். அதன்பிறகு ஆகஸ்ட் மாத மதிய நெரிசலிலும் வெப்ப முள் நடுவை விட்டு நகரவில்லை. பெரிய எஞ்சின் இருந்தால்தான் முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வாயு பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனெனில் அதிக ஏமாற்று நடப்பது அங்கேதான். பழைய கார்களில் இருந்தது ஆர்-12. அமெரிக்காவில் அதன் உற்பத்தி 1995 இறுதியோடு நின்றுவிட்டது. இன்றைய தொகுப்புகள் ஆர்-134ஏ வாயுவுக்கானவை. இதன் அழுத்தம் அதிகம் என்பதால் கண்டன்சர் பேரலல் ஃப்ளோ வகையாக (வாயு ஒரே நேரத்தில் பல மெல்லிய குழாய்களில் ஓடுவது) இருக்க வேண்டும். பழைய ரப்பர் ஹோஸ்கள் வழியாக இது மெல்லக் கசிந்துவிடும் என்பதால் உள்ளடுக்கு கொண்ட பேரியர் ஹோஸ்களே வேண்டும். ஆர்-12 காலத்து மினரல் எண்ணெய் இதனோடு கலக்காது. பழைய கனமான யார்க் கம்ப்ரஸர் கிடைக்கிறது என்று அதைப் பிடித்துக்கொள்ளாமல், அதிர்வு குறைந்த சாண்டன் வகைக் கம்ப்ரஸருக்கே போங்கள். வாயு நிரப்பும்முன், குழாய்களில் உள்ள காற்றும் ஈரமும் போக, குறைந்தது முக்கால் மணி நேரம் பம்ப் வைத்து வெற்றிடம் இழுக்க வேண்டும். பிறகு தராசில் எடை பார்த்து நிரப்ப வேண்டும். என் தொகுப்பின் கையேடு சொன்ன அளவு 1.8 பவுண்டு. கேஜைப் பார்த்துக் குத்துமதிப்பாக ஏற்றுவதுதான் பல இடங்களில் வழக்கம். அளவு கூடினால் அழுத்தம் ஏறும், குளுமை குறையும், கம்ப்ரஸரின் ஆயுளும் போகும். சட்டப்படி இந்த வேலையைக் கூலிக்குச் செய்பவருக்கு அமெரிக்கச் சுத்தக் காற்றுச் சட்டத்தின் பிரிவு 609 சான்று இருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்வதில் கூச்சம் வேண்டாம்.

மின்சாரமும் ஐடிலும் (கார் நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம்) சிறிய விஷயங்கள்தாம், ஆனால் விட்டுவிட்டால் தொல்லை. நம் காரோடு வந்த 38 ஆம்பியர் ஆல்டர்னேட்டரால் ப்ளோயர், கம்ப்ரஸர் கிளட்ச், இரவில் முன்விளக்கு மூன்றையும் ஒன்றாகத் தாங்க முடியாது. 60க்குக் குறையாமல் போடுங்கள். கம்ப்ரஸர் சேரும்போது கார்ப்யூரேட்டர் எஞ்சின் தானாக வேகத்தைக் கூட்டிக்கொள்ளாது. ஆட்டோமேட்டிக் கியர் என்றால் சிக்னலில் திணறி நின்றே போகலாம். கம்ப்ரஸர் கிளட்ச்சோடு சேர்ந்து இயங்கி வேகத்தைச் சற்றுக் கூட்டும் ஐடில் சோலனாய்ட் ஒன்று அதைத் தீர்த்துவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்பாகச் செய்ய வேண்டியது கேபினின் காப்பு. இந்தக் கார்களின் தளமும் ஃபயர்வாலும் ஏறக்குறைய வெறும் தகடு. எக்ஸாஸ்ட் குழாயின் சூடு பாதத்தில் தெரியும். ஃபாஸ்ட்பேக்காக இருந்தால் சாய்ந்த பின்கண்ணாடி வழியாக வெயில் நேராக உள்ளே இறங்கும். இருக்கைகளையும் கார்பெட்டையும் எடுத்துவிட்டு ப்யூட்டைல் ஷீட்டும் அதன்மேல் ஃபோமும் ஒட்டி, ஃபயர்வாலில் உள்ள பழைய ஓட்டைகளை அடைத்து, கதவு ரப்பர்களைப் புதிதாக மாற்றிய பிறகு அதே ஏசி எனக்கு வேறு ஏசி போல இருந்தது. என் மனைவி மே மாதத்துக்குப் பிறகு அந்தக் காரில் ஏறுவதையே விட்டிருந்தார். இப்போது கால்வெஸ்டன் கடற்கரை வரைக்கும் அதில்தான் போகிறோம். இந்தக் காரை ஓட்டுவதற்காக வாங்கிய எனக்கு, எந்தக் கண்காட்சிக் கோப்பையைவிடவும் அது பெரிது.

செலவு என்று பார்த்தால் தொகுப்புக்கு 2,000 டாலரை ஒட்டி ஆகும். ரேடியேட்டர், விசிறி, ஆல்டர்னேட்டர், காப்பு எல்லாம் சேரும்போது ஏறத்தாழ அதே அளவு இன்னொரு முறை. கையில் பணம் குறைவு என்றால் காப்பையும் ரேடியேட்டர் பக்கத்தையும் இந்தக் குளிர்காலத்தில் முடித்துவிட்டு, தொகுப்பை அடுத்த வசந்தத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கார்பெட்டைத் திரும்பப் போடும்முன் எவாபரேட்டரின் வடிகால் குழாய் சரிவாக இறங்குகிறதா என்று ஒரு குவளை நீர் ஊற்றிப் பாருங்கள். ஈரப்பதம் மிகுந்த ஊரில் அது நாள் முழுக்கச் சொட்டும். உங்கள் காரில் இப்போது ஷ்ரௌட் இருக்கிறதா, கியர் ஆட்டோமேட்டிக்கா, கிராங்க் புல்லியில் பெல்ட் ஓடும் பள்ளங்கள் எத்தனை என்று எழுதினால், எந்த பிராக்கெட் தொகுப்பு பொருந்தும் என்று சொல்கிறேன்.