இயங்குதளத்தைப் புதுப்பித்த பின் நெட்வொர்க் மந்தமானால்: கேள்வியும் பதிலும்

கணினியைப் புதுப்பித்த மறுநாள் “நெட் மெதுவாகிவிட்டது” என்று எழுதுபவர்கள் பலர். அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு கோளாறுகள் அடங்கியிருக்கின்றன. தளத்தின் பெயருக்குரிய முகவரியைக் கண்டுபிடிக்கவே நேரமாகலாம். அனுப்பிய பாக்கெட் (தரவின் சிறு துண்டு) போய்த் திரும்பி வர நேரமாகலாம். அல்லது பாக்கெட்டுகள் உடனுக்குடன் வந்தாலும் வினாடிக்கு வந்து சேரும் அளவு குறைவாக இருக்கலாம். இவற்றுள் எது நிகழ்கிறது என்று அளந்து பார்க்காமல் கை வைத்த அமைப்புகளையெல்லாம் மாற்றுவதால்தான், ஒரு மணி நேரத்தில் தீர வேண்டிய சிக்கல் ஒரு வாரத்துக்கு நீள்கிறது. வந்த கேள்விகளுக்கு இந்தப் பார்வையிலேயே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (கல்லூரி ஆய்வக உதவியாளர்): ஆய்வகக் கணினிகளில் உபுண்டுவைப் புதிய பதிப்புக்கு மாற்றினோம். அதன் பின் எந்தத் தளத்தைத் திறந்தாலும் ஐந்து வினாடி அசையாமல் நிற்கிறது, பிறகு சட்டென்று முழுப் பக்கமும் வந்துவிடுகிறது. வேகச் சோதனையில் பழைய வேகமே காட்டுகிறது. எங்கே தேடுவது?

பதில்: தங்கள் கேள்வியில் உள்ள “ஐந்து வினாடி” என்ற அளவே பாதி விடையைச் சொல்லிவிட்டது. லினக்ஸில் பெயரை முகவரியாக மாற்றித் தரும் ஜிலிப்சி நூலகம், பெயர்களுக்குரிய முகவரிகளைச் சொல்லும் டி.என்.எஸ். சர்வர் ஒன்றிடமிருந்து பதில் வராவிட்டால் இயல்பாக 5 வினாடி காத்திருந்துவிட்டே அடுத்த சர்வரைக் கேட்கும். எனவே நான்குமல்லாமல் ஏழுமல்லாமல் ஒவ்வொரு முறையும் ஐந்து வினாடிதான் தாமதம் என்றால், கேபிளையோ வைஃபையையோ சந்தேகிக்கும் முன் பெயர்த் தேடலைச் சோதிக்க வேண்டும்.

பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு. முதலாவது, ‘ஈடிசி’ அடைவில் உள்ள ‘ரிசால்வ் கான்ஃப்’ கோப்பு. இன்றைய உபுண்டுவில் இது சிஸ்டம்டி சேவை எழுதித் தரும் கோப்புக்கான இணைப்பாக இருக்கும், அதற்குள் 127.0.0.53 என்ற முகவரி காணப்படும். முன்பு யாராவது அந்தக் கோப்பைக் கையால் எழுதி வைத்திருந்தால், புதுப்பித்த பின்னும் அதுவே நிலைத்து, என்றோ நிறுத்தப்பட்ட சர்வர் ஒன்று அதில் முதல் வரியாக நின்றுகொண்டிருக்கலாம். ‘டிக்’ கட்டளையால் அதிலுள்ள ஒவ்வொரு சர்வரையும் தனித்தனியே கேட்டுப் பாருங்கள். எது மௌனமாக இருக்கிறதோ அதுவே குற்றவாளி.

எல்லாச் சர்வர்களும் உடனே பதில் சொன்னால் இரண்டாவது இடத்துக்குப் போகலாம். ஜிலிப்சி, ஐபி பதிப்பு 4க்கான முகவரியையும் பதிப்பு 6க்கான முகவரியையும் ஒரே போர்ட் வழியாக ஒரே நேரத்தில் கேட்கும். பழைய ஃபயர்வால்களில் சில, முதல் பதிலை உள்ளே விட்டதும் கணக்கை முடித்துக்கொண்டு இரண்டாவது பதிலைத் தூக்கி எறிந்துவிடும். அப்போதும் விளைவு அதே ஐந்து வினாடிதான். ‘ரிசால்வ் கான்ஃப்’ கோப்பில் ‘சிங்கிள் ரிக்வெஸ்ட்’ என்ற தெரிவைச் சேர்த்தால் இரண்டு கேள்விகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். அதில் தாமதம் மறைந்தால் உண்மையான பழுது ஃபயர்வாலில் இருக்கிறது. இயங்குதளத்தின் மேல் குற்றமில்லை.

கேள்வி (தணிக்கை அலுவலகக் கணக்கர்): விண்டோஸ் 11 ப்ரோ 24எச்2 பதிப்பு வந்த பிறகு, அலுவலகத்தின் பழைய சேமிப்புப் பெட்டியிலுள்ள பகிர்வுக் கோப்புறையிலிருந்து கோப்புகளை எடுப்பது பாதி வேகத்துக்கு இறங்கிவிட்டது. இணையம் நன்றாகவே இருக்கிறது.

பதில்: இது பெரும்பாலும் எஸ்.எம்.பி. (விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்கான நெறிமுறை) கையொப்பத்தின் விளைவு. 24எச்2 முதல் ப்ரோ, எண்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் பகிர்வுக் கோப்புறையுடன் பேசும் ஒவ்வொரு செய்தியும் கையொப்பமிடப்பட வேண்டும் என்பதை மைக்ரோசாஃப்ட் இயல்புநிலையாகக் கட்டாயமாக்கியது. நடுவில் ஒருவர் புகுந்து செய்தியைத் திருத்தி அனுப்புவதைத் தடுப்பதற்கான ஏற்பாடு இது. கையொப்பத்தைக் கணக்கிடும் வேலை இரு பக்கத்துக்கும் உண்டு. உங்கள் புதிய கணினிக்கு அது பொருட்டே அல்ல, ஆனால் பழைய சேமிப்புப் பெட்டியில் உள்ள சிறிய பிராசசர் அந்தக் கணக்கிலேயே திணறிப்போகும்.

கோப்பு நகலாகும்போது அந்தப் பெட்டியின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து பிராசசர் பயன்பாட்டைப் பாருங்கள். அது நூறு விழுக்காட்டை ஒட்டி நின்றால் காரணம் உறுதி. கையொப்பக் கட்டாயத்தை நீக்கும் வழி இருக்கிறதென்றாலும், பிறருடைய வரிக்கணக்குகளை வைத்திருக்கும் அலுவலகத்துக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதலில் பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்து, எஸ்.எம்.பி. பதிப்பு 3ஐ இயக்குங்கள். பதிப்பு 2இல் கையொப்பத்துக்குப் பயன்படும் எச்மாக் முறையைவிடப் பதிப்பு 3இன், ஏ.ஈ.எஸ். குறியாக்கத்தின் அடிப்படையிலான முறை, ஏ.ஈ.எஸ். கணக்குக்குரிய வசதி பிராசசரிலேயே அமைந்த பெட்டிகளில் இலகுவாக ஓடும். அப்படியும் வேகம் ஏறவில்லையென்றால் பெட்டியை மாற்றும் காலம் வந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

கேள்வி (பதிப்பகப் பணியாளர்): அப்டேட்டுக்குப் பின் எதைப் பதிவிறக்கினாலும் 94 மெகாபிட்டுக்கு மேல் ஏறவே இல்லை. எங்கள் இணைப்பு 300 மெகாபிட்.

பதில்: 94 என்ற எண், இணைப்பு 100 மெகாபிட்டில் நிற்கிறது என்பதற்கான அடையாளம். நெட்வொர்க் அட்டையின் நிலைத் திரையில் இணைப்பு வேகம் 100 என்றிருந்தால் பெரும்பாலும் காரணங்கள் இரண்டு. ஒன்று, அப்டேட்டோடு வந்த பொதுவான டிரைவர் (அட்டையை இயக்கும் மென்பொருள்) பழைய அமைப்பை மாற்றியிருக்கும். கணினித் தயாரிப்பாளரின் டிரைவரை நிறுவி, வேகத் தெரிவைத் தானியங்கியில் விடுங்கள்.

மற்றொன்று கேபிள். கிகாபிட் (1000 மெகாபிட்) இணைப்புக்குக் கேபிளின் நான்கு இணைக் கம்பிகளும் வேண்டும்; 100 மெகாபிட்டுக்கு இரண்டு போதும். 100 மெகாபிட்டுக்குத் தேவைப்படாத இணைகளில் ஒரு கம்பி அறுந்தால் இணைப்பு முற்றிலும் விழாது, சத்தமில்லாமல் கீழிறங்கிவிடும். நான் பணிபுரிந்த ஓர் அலுவலகத்தில் இதே கோளாறுக்காக இரண்டு நாள் டிரைவர்களை மாற்றிக்கொண்டிருந்தோம். கடைசியில் மேசைக் காலுக்கடியில் நசுங்கிக் கிடந்த கேபிளை மாற்றியதும் சரியாயிற்று. மாதக்கணக்கில் அணைக்கப்படாத கணினி, அப்டேட்டுக்காக மறுதொடக்கம் ஆகும்போது இணைப்பு வேகத்தைப் புதிதாகப் பேசி முடிவு செய்கிறது. அதுவரை தெரியாமல் இருந்த பழுது அன்று வெளிப்படக்கூடும்; அப்போது, பழி அப்டேட்டின் மேல் விழுகிறது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

கேள்வி (இணையவழி இசை ஆசிரியை): புதுப்பித்த நாளிலிருந்து வகுப்பின் நடுவே குரல் விட்டுவிட்டு வருகிறது. வகுப்பு முடிந்து சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கிறது.

பதில்: அம்மா, வகுப்பு நடக்கும்போதே சோதித்தால்தான் உண்மை தெரியும். இரண்டு சாளரங்களைத் திறந்து, ஒன்றில் உங்கள் ரூட்டரையும் மற்றொன்றில் 8.8.8.8 என்ற கூகுள் சர்வரையும் தொடர்ந்து பிங் செய்யுங்கள் (பிங் என்பது ஒரு பாக்கெட் போய்வரும் நேரத்தை அளக்கும் கட்டளை). ரூட்டருக்கான எண்ணே ஏறி இறங்கினால் வைஃபையில் குறை. டிரைவரின் மின்சேமிப்புத் தெரிவை நிறுத்திப் பாருங்கள். ரூட்டர் வரை சீராக இருந்து, வெளியே மட்டும் 20 மில்லிவினாடி 400 ஆக உயர்ந்தால், உங்கள் பதிவேற்றப் பாதை நிரம்பி வழிகிறது.

ரூட்டரும் மோடமும் அனுப்ப முடியாத பாக்கெட்டுகளை வரிசையில் அடுக்கி வைக்கும். வரிசை நீண்டால் ஒரு பாக்கெட்டும் தொலையாது, ஆனால் எல்லாமே தாமதமாகும். கோப்புக்கு அது பொறுக்கும், குரலுக்குப் பொறுக்காது. கணினி நிரலாளர் ஜிம் கெட்டிஸ் இதற்கு ‘பஃபர்புளோட்’ என்று பெயரிட்டு உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இல் வெளியிட்ட ‘கோடல்’ முறை, வரிசையில் பாக்கெட் எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்பதைக் கவனித்து, நேரம் நீண்டால் சிலவற்றைக் கைவிட்டு அனுப்புநரின் வேகத்தைக் குறைக்கிறது.

அப்டேட்டுக்குப் பின் பதிவேற்றம் பெருகுவதற்குக் காரணங்கள் உண்டு. மேகச் சேமிப்பு மீண்டும் இயங்கத் தொடங்கியிருக்கலாம். விண்டோஸின் டெலிவரி ஆப்டிமைசேஷன், இணையத்தில் உள்ள பிற கணினிகளுக்கும் தர அனுமதிக்கப்பட்டிருந்தால், உங்கள் கணினி பெற்ற அப்டேட்டை வெளியாருக்கும் பகிரும். அதை உள்ளூர் நெட்வொர்க்கோடு நிறுத்துங்கள். வகுப்பு நேரத்தில் மேகச் சேமிப்பை இடைநிறுத்துங்கள். ரூட்டரில் கோடல் வகை வரிசை மேலாண்மை இருந்தால், பதிவேற்ற வரம்பை உண்மையான வேகத்துக்குச் சற்றுக் கீழே வைத்து அதை இயக்குங்கள்.

கேள்வி (வீட்டிலிருந்து பணிபுரிபவர்): சில தளங்கள் உடனே திறக்கின்றன, சில பாதியில் உறைந்துவிடுகின்றன. வி.பி.என். மென்பொருளும் அதே நாளில் புதுப்பிக்கப்பட்டது.

பதில்: பாக்கெட்டின் அளவு பாதைக்குப் பொருந்தவில்லை என்று தோன்றுகிறது. ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை இருக்கலாம், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் பி.பி.பி.ஓ.ஈ. இணைப்பில் 8 பைட் குறைந்து 1492 ஆகும், தரவை மறைத்துத் தனிப் பாதையில் அனுப்பும் வி.பி.என். தன் உறையையும் சேர்ப்பதால் இடம் இன்னும் குறையும். வி.பி.என். இல்லாமல், ‘துண்டாக்காதே’ என்ற தெரிவோடு 1472 பைட் அளவில் பிங் அனுப்புங்கள்; தலைப்புப் பகுதிக்கான 28 பைட்டைச் சேர்த்தால் அது 1500. போகவில்லையென்றால் 1464க்கு இறங்குங்கள். எந்த அளவில் பதில் வரத் தொடங்குகிறதோ அதோடு 28ஐக் கூட்டினால் பாதை தாங்கும் அளவு கிடைக்கும். வி.பி.என்.னின் எம்.டி.யு. மதிப்பை (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவை) அதிலிருந்து உறைக்கு வேண்டிய இடத்தையும் கழித்து அமையுங்கள்.

கேள்வி (மாணவர்): டி.சி.பி. ஆட்டோ ட்யூனிங்கை நிறுத்தினால் வேகம் கூடும் என்று ஒரு காணொளியில் சொல்கிறார்கள். செய்யலாமா ஐயா?

பதில்: வேண்டாம் தம்பி. இந்த அறிவுரை விண்டோஸ் விஸ்டா காலத்தது. பெறும் சாளரத்தை (ஒப்புகை வருமுன் அனுப்பக்கூடிய தரவின் அளவை) இணைப்புக்கேற்ப விரிக்கும் வசதியான ஆட்டோ ட்யூனிங் அதில்தான் வந்தது. அன்றைய சில ரூட்டர்கள் அதைப் புரிந்துகொள்ளாமல் இணைப்பைக் குலைத்ததால், நிறுத்துவது ஒரு தற்காலிக மருந்தாக இருந்தது. இன்று நிறுத்தினால் நேருவதைக் கணக்கிட்டுப் பார். சாளரம் 65,535 பைட்டோடு நின்றுவிடும். பாக்கெட் போய்வர 150 மில்லிவினாடி ஆகும் தொலைதூரச் சர்வரிலிருந்து, அந்தச் சாளரத்தோடு ஓர் இணைப்பில் வினாடிக்குச் சுமார் 3.5 மெகாபிட்டுக்கு மேல் வரவே முடியாது. உன் வீட்டு இணைப்பு 300 ஆனாலும் அதே கதிதான். ஏற்கெனவே நிறுத்தியிருந்தால் ‘நார்மல்’ நிலைக்குத் திருப்பிவிடு.

கேள்வி (குடும்பத் தலைவி): கைப்பேசியைப் புதுப்பித்த பிறகு, ரூட்டரில் அதற்குக் கொடுத்திருந்த முன்னுரிமை வேலை செய்யவில்லை.

பதில்: ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் கைப்பேசிகள் வைஃபைக்குத் தம் உண்மையான மேக் முகவரிக்கு (ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்ணுக்கு) பதில் ஒரு மாற்று முகவரியைக் காட்டுகின்றன. ரூட்டர் அதைப் புதிய கருவி என்றே நினைக்கும். வீட்டு வைஃபைக்கு மட்டும் அந்த அமைப்பை நிறுத்தினால் பழைய முன்னுரிமை மீளும். வெளியிடங்களில் அது இயங்கட்டும்.

கேள்வி (சிறு நிறுவன நிர்வாகி): இவ்வளவு தேடுவதைவிட அப்டேட்டையே நீக்கிவிடுவது எளிதல்லவா?

பதில்: ஒரே ஒரு கணினியில் நீக்கி, கோளாறு போகிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை. அதையே எல்லாக் கணினிகளுக்கும் தீர்வாக்கினால் பாதுகாப்புத் திருத்தங்களையும் சேர்த்து இழப்பீர்கள். விண்டோஸ் 11இல் புதிய பதிப்பிலிருந்து பழைய பதிப்புக்குத் திரும்ப இயல்பாக 10 நாள் அவகாசம் உண்டு என்பதால், அந்தச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். ‘நெட்வொர்க் ரீசெட்’ பொத்தானைக் கடைசிக்கு வையுங்கள். அது அட்டைகளை நீக்கி மீண்டும் நிறுவுவதால், கையால் அமைத்த ஐபி, டி.என்.எஸ். அமைப்புகள் அழியும், வி.பி.என். மென்பொருளை மறுபடி நிறுவ வேண்டியும் வரலாம். அடுத்த அப்டேட்டுக்கு முந்தைய நாள், ஒவ்வொரு கணினியின் இணைப்பு வேகம், டிரைவர் பதிப்பு, டி.என்.எஸ். முகவரிகள், ரூட்டருக்கும் வெளிச் சர்வருக்குமான பிங் நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்து வையுங்கள். மறுநாள் யாராவது “மெதுவாக இருக்கிறது” என்று வந்தால், எதனோடு ஒப்பிடுவது என்பது அந்தத் தாளில் இருக்கும்.