பைக் ரேஸ் கேள்வி பதில்: டக்கார் மணலிலிருந்து தனுஷ்கோடி மணல் வரை

நம்ம கரைப் பக்கத்துப் பிள்ளைகள் பைக் ரேஸ் பற்றி அனுப்பிய கேள்விகளில் கொஞ்சத்துக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் உச்சிப்புளியில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன். ரேஸ் ஓட்டிக் கோப்பை வாங்கியவன் இல்லை. பார்த்தும் படித்தும் வண்டியைப் பிரித்து மாட்டியும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

கீழக்கரையிலிருந்து: காக்கா, இந்தியாவிலேயே பெரிய பைக் ரேஸர் யாரு? ஒரே ஒரு பேர் சொல்லுங்க.

ஹரித் நோவா. கேரளத்து ஷொர்ணூர்க்காரர். டக்கார் ராலி என்பது பாலைவனம் வழியே பல நாள் ஓடும் பந்தயம். 2024இல் அதில் ராலி 2 என்ற, உச்சப் பிரிவுக்கு அடுத்த பிரிவில் முதலிடம், மொத்த வரிசையில் 11ஆவது. டக்காரில் ஒரு பிரிவை ஜெயித்த முதல் இந்தியர் அவர்தான். அதற்கு முந்தைய வருடம் இதே டக்காரில் ஆரம்பத்திலேயே விழுந்து முதுகெலும்பு முறிந்து வெளியேறியவர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அதனால்தான் யோசிக்காமல் அவர் பேரைச் சொன்னேன்.

ஏர்வாடியிலிருந்து: அண்ணே, டக்காரில் சந்தோஷ் 36ஆவது வந்ததைப் போய் சாதனைன்னு கொண்டாடுறாங்களே, அதுல என்ன இருக்கு?

இந்தக் கேள்வி நிறையப் பேரிடமிருந்து வந்தது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

டக்கார் என்பது வட்டப் பாதையில் சுற்றி வரும் ரேஸ் இல்லை. ஏறக்குறைய இரண்டு வாரம், தினமும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர், மலை, பாறை, மணல்மேடு. வண்டி 450 சிசிக்கு மேல் இருக்கக் கூடாது. வழிகாட்ட ஜிபிஎஸ் வரைபடம் கிடையாது. சந்தோஷ் ஓட்டிய காலத்தில் ஹேண்டில்பாருக்கு மேலே ஒரு பெட்டி, அதற்குள் காகிதச் சுருள். ‘இத்தனையாவது கிலோமீட்டரில் பள்ளம், இடப்பக்கம் திரும்பு’ என்று குறிகளாக வரைந்திருக்கும். விரலால் சுவிட்சை அழுத்திச் சுருளை நகர்த்திக்கொண்டே, எழுந்து நின்றபடி, மணலில் வண்டி ஓட்ட வேண்டும். ஒரு குறியைத் தவறவிட்டால் வழி தவறி மணிக்கணக்கில் அலைய வேண்டியதுதான். கிளம்பும் பைக்குகளில் கணிசமான பங்கு கடைசி நாளைப் பார்ப்பதே இல்லை.

பெங்களூர்க்காரரான சி.எஸ். சந்தோஷ் 2015இல் முதல்முறை போனார், 36ஆவதாக முடித்தார். பைக்கில் டக்காரை முடித்த முதல் இந்தியர். 2017இலும் முடித்தார். 2021இல் சவூதியில் நான்காம் கட்டத்தில் விழுந்து, மருத்துவர்கள் அவரைச் செயற்கைக் கோமாவில் வைக்கும் நிலை வந்தது. பிறகு மீண்டு ஊர் திரும்பினார். கே.பி. அரவிந்த் 2017, 2018 இரண்டிலும் முடிக்க முடியாமல், 2019இல் 37ஆவதாக வந்தார். இந்த 36க்கும் 37க்கும் அப்புறம்தான் ஹரித்தின் 2021ஆம் வருடத்து 20, அதற்குப் பிறகு 11. படி போட்டவர்களை விட்டுவிட்டு மாடியில் நிற்பவரை மட்டும் பாராட்டுவது சரியில்லை தம்பி.

தேவிபட்டினத்திலிருந்து: அண்ணா, பொண்ணுங்க யாருமே இல்லையா?

இருக்கிறார்கள் தங்கச்சி, நன்றாகவே இருக்கிறார்கள். ஐஸ்வர்யா பிஸ்ஸே, பெங்களூர். 2018இல் ஸ்பெயினில் நடந்த பாஹா போட்டியில், அதாவது கரடுமுரடான பாதையில் ஓடும் பந்தயத்தில், விழுந்து கணையம் கிழிந்தது. அடுத்த வருடமே பாஹா உலகக் கோப்பையின் பெண்கள் பிரிவை, போர்ச்சுகல் வீராங்கனை ஒருவரை 4 புள்ளியில் முந்தி ஜெயித்தார். மோட்டார் விளையாட்டில் உலகப் பட்டம் வாங்கிய முதல் இந்தியர். கவனியுங்கள், முதல் பெண் என்று சொல்லவில்லை, முதல் இந்தியர். சென்னையில் அலிஷா அப்துல்லா, பைக் ரேஸர் ஆர்.ஏ. அப்துல்லாவின் மகள், அதற்கு முன்பே ஆண்களோடு டிராக்கில் மோதியவர்.

தொண்டியிலிருந்து ஒரு பெரியவர்: சோழவரம் ரேஸ் பற்றி இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்களேன்.

ஐயா, நீங்கள்தான் எங்களுக்குச் சொல்ல வேண்டும்! சென்னைக்கு வடக்கே இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம் அது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே ரேஸ் நடத்தியது. யெஸ்டி, ராஜ்தூத் 350, ஆர்.எக்ஸ். 100 பைக்குகள் எல்லாம் அங்கே சீறியவை. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான டிராக் வந்தது. ரஜினி கிருஷ்ணன், ஜெகன் குமார், சரத் குமார் என்று சென்னைப் பையன்களாகவே வரிசை கட்டுவதற்கு இந்த இரண்டு இடங்கள்தான் காரணம் என்பேன்.

பெரியபட்டினத்திலிருந்து: மோட்டோ ஜிபியில் நம்ம ஆள் உண்டா?

பெரிய வகுப்பில் இல்லை. 2011இல் சரத் குமார் 125 சிசி உலகப் போட்டியில் களமிறங்கினார். 2016இல் நெதர்லாந்தின் அஸ்ஸெனில் மோட்டோ 3 என்ற சின்ன வகுப்புப் பந்தயத்தை மஹிந்திரா வண்டி ஜெயித்தது, ஆனால் ஓட்டியவர் இத்தாலியின் பன்யாயா.

பாம்பனிலிருந்து: பாலத்துல 120 தொட்டேன் அண்ணே. ரேஸர் ஆகலாமா?

ஆகலாம், முதலில் அதை நிறுத்தினால். பாலத்தில் பக்கவாட்டுக் காற்று எப்போது தூக்கும் என்று யாருக்கும் தெரியாது, எதிரே பஸ்ஸும் வரும். இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையின் கரி மோட்டார் ஸ்பீட்வே டிராக்கிலும் பயிற்சி முகாம்கள் நடக்கின்றன. அங்கே போய்ப் பயிற்சி எடுத்து, ரேஸ் லைசென்ஸ் வாங்கி, ஒன் மேக் போட்டியில் சேரப் பாருங்கள். அதில் எல்லோருக்கும் ஒரே வண்டி, கம்பெனியே கொடுக்கும். பைக் வாங்கக் காசில்லாத பையன் நுழைய அதுதான் நல்ல வாசல். ஆனால் ஒன்று: டிராக்கிலும் உயிர் போகிறது. 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டையில் 13 வயதுப் பையன் ஒருவன் ரேஸில் விழுந்து இறந்தான். வீட்டில் சொல்லாமல் போகாதீர்கள்.

மண்டபத்திலிருந்து: தனுஷ்கோடிப் பக்கம் மணல்ல வண்டி புதையுது. டக்கார் ஆட்கள் எப்படி ஓட்டுறாங்க?

டயர் காற்றைக் கொஞ்சம் குறைப்பார்கள். ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்று, உடம்பைப் பின்னால் தள்ளி, முன்சக்கரத்தை லேசாக்குவார்கள். ஆக்ஸிலேட்டரைச் சீராக வைத்திருப்பார்கள். பயந்து ஆக்ஸிலேட்டரை விட்டீர்களென்றால் முன்சக்கரம் உடனே மணலில் இறங்கிவிடும். முன் பிரேக்கைத் தொடவே தொடாதீர்கள். ஆனால் கடற்கரையில் வேண்டாம், ஆமை முட்டையிடும் இடம் அது. அனுமதி கேட்டு யாராவது தரிசு நிலத்தில் பழகுங்கள். அங்கே சீமைக்கருவேல முள் டியூபைப் பதம் பார்க்கும், பஞ்சர் கிட்டோடு போங்கள்.