எல்லைத் தாமதத்துக்கு நாடாளுமன்ற உறுப்பினரை நாடலாமா?

கேள்வி: ஒன்ராறியோவிலிருந்து அமெரிக்கக் கடைகளுக்கு உணவுப்பொருள் அனுப்பும் சிறு நிறுவனம் எங்களுடையது. கனடிய, அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் கூடிப் பேசுவதாகச் செய்திகளில் பார்க்கிறோம். எல்லையில் எங்கள் சரக்கு தேங்குவதை அவர்களிடம் முறையிட்டால் தீருமா?

பதில்: உங்கள் சிக்கல் ஒரு சரக்கைப் பற்றியதா, விதியைப் பற்றியதா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். தடுத்து வைத்த சரக்கை விடுவிக்க எந்த உறுப்பினராலும் ஆணையிட முடியாது. அதற்குச் சுங்க முகவரே சரியான ஆள். சாலைவழி வரும் உணவைப் பற்றி அது எல்லையை அடைவதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்பே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்கு அறிவிக்க வேண்டும். பல தாமதங்கள் இந்த அறிவிப்பில் நேரும் பிழையாலேயே வருகின்றன என்பதால், அதைச் சரிபார்த்துவிட்டு மேலே செல்லுங்கள்.

அந்த அறிவிப்பு விதியே 2002-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் பாதுகாப்பு கருதி இயற்றிய சட்டத்திலிருந்து வந்ததுதான். இத்தகைய விதிகளை மாற்றத்தான் உறுப்பினர்கள் தேவை. நீங்கள் செய்திகளில் பார்க்கும், 1959-இல் தொடங்கிய கனடா–அமெரிக்க நாடாளுமன்றக் குழுவுக்கு ஒப்பந்தம் செய்யும் அதிகாரம் கிடையாது. ஆனால், அரசுகள் 2015 மார்ச்சில் கையெழுத்திட்ட பயணிகள் முன்சோதனை ஒப்பந்தம் (புறப்படும் நாட்டிலேயே சேரும் நாட்டின் எல்லைச் சோதனையை முடிப்பது), காங்கிரஸ் 2016 டிசம்பரிலும் கனடிய நாடாளுமன்றம் 2017 டிசம்பரிலும் தத்தம் சட்டங்களை நிறைவேற்றிய பிறகே, 2019 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. இரு நாட்டு நாடாளுமன்றங்களும் ஒத்துழைக்காமல் அது கையெழுத்தோடு நின்றிருக்கும்.

உறுப்பினர்களால் ஆவதற்கும் ஒரு வரம்பு உண்டு. வரியின்றி நுழையும் சிறு பொதிகளின் உச்சவரம்பைக் காங்கிரஸ் 2016-இல் 200 டாலரிலிருந்து 800 டாலராக உயர்த்தியது. 2025 ஆகஸ்டில் அதிபரின் ஆணை அந்தச் சலுகையை நிறுத்திவிட்டது. எனவே, உறுப்பினர்களின் பேச்சை நம்பி வணிகத் திட்டம் வகுக்காதீர்கள்.

விதிதான் இடையூறு என்று உறுதியானால், உங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: பொருளின் சுங்கக் குறியீடு, சரக்கு எல்லையைக் கடக்கும் பாலம், சில மாதங்களின் காத்திருப்பு நேரம், அதனால் கூடிய செலவு, எந்த விதி மாற வேண்டும் என்பது. அதைவிட முக்கியமாக, அமெரிக்காவில் உங்களிடம் வாங்கும் கடைக்காரரையும் அவருடைய காங்கிரஸ் உறுப்பினருக்கு எழுதச் சொல்லுங்கள். உங்கள் இழப்பை விட, தம் வாக்காளரின் கடையில் சரக்கு இல்லாததே அந்த உறுப்பினருக்கு உறைக்கும்.