அம்மாவை ஒப்படைத்துவிட்டுப் பத்து நாள் ஓய்வெடுக்கலாமா?

கேள்வி: பக்கவாதத்தில் படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவை நான்கு ஆண்டுகளாக நான் ஒருத்தியே பார்த்துக்கொள்கிறேன். இப்போது மறதிநோயும் சேர்ந்துவிட்டது. எனக்கு ஓயாத முதுகுவலி, தூக்கமில்லை. பத்து நாளாவது ஓய்வு வேண்டும். ‘பயிற்சி பெற்ற நர்ஸ்’ அனுப்புவதாகச் சொல்லும் ஏஜென்ட், முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஓய்வு எடுத்தே ஆக வேண்டும். நீங்கள் படுத்துவிட்டால் அம்மாவைப் புரட்டிப் போடக்கூட ஆளில்லை.

பணத்தை மட்டும் மொத்தமாகக் கொடுத்துவிடாதீர்கள். ‘நர்ஸ்’ என்ற சொல்லை ஏஜென்ட்டுகள் கூசாமல் சொல்வார்கள். வந்து நிற்பவர் பெரும்பாலும் உதவியாளராக இருப்பார். குளிப்பாட்ட, உடை மாற்ற அவர் போதும். சிறுநீர்க் குழாய் மாற்றவோ மூக்குக் குழாய் போடவோ பதிவு பெற்ற செவிலியர்தான் வேண்டும். பதிவுச் சான்றிதழைக் கண்ணால் பாருங்கள். ஒருவரைக் காட்டிவிட்டு இன்னொருவரை அனுப்புவதும் நடக்கிறது. ஆள் மாறினால், பாதியில் நின்றால் பணம் எப்படித் திரும்பும் என்று எழுதி வாங்குங்கள். ரசீது தராதவரோடு பேச்சே வேண்டாம்.

வருபவர் இரண்டு நாளாவது உங்களோடு சேர்ந்து வேலை பார்க்கட்டும். மருந்து நேரங்களை ஒரு நோட்டில் எழுதிக் கொடுங்கள். படுக்கைப்புண் வராமலிருக்க ஏறக்குறைய இரண்டு மணிக்கொருமுறை புரட்ட வேண்டும். நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும். ஊட்டிய பின்னும் அரைமணி நேரம் சாய்க்கக் கூடாது. உணவு மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும்.

இதையெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே உங்களுக்குக் கற்றுத் தந்திருக்க வேண்டாமா? டிஸ்சார்ஜ் சம்மரியில் மாத்திரைகள் வரிசையாக இருக்கும். நோயாளியை யார் தூக்குவது, எப்படித் தூக்குவது என்று ஒரு வரி இருக்காது. பராமரிப்பவரின் சுமையை அளக்கும் ஸாரிட் கேள்வித்தாள் 1980-களிலிருந்தே இருக்கிறது. கேட்பது 22 கேள்விகள். அதற்குக்கூட நேரமில்லை என்கிறார்கள். அடுத்த முறை போகும்போது, முதுகு நோகாமல் தூக்கும் முறையைக் காட்டச் சொல்லி பிசியோதெரபிஸ்ட்டிடம் கேளுங்கள். காட்டும்வரை நகராதீர்கள்.

நோயாளியைச் சில நாள் பராமரிப்பு இல்லத்தில் விடுவது பலருக்கும் சரிப்படும். மறதிநோய் இருப்பவர்களுக்கு அப்படியல்ல. பழகிய கட்டில், ஜன்னல், குரல்கள் இவைதான் அவர்களுக்குப் பிடிமானம். இடம் மாறினால் குழப்பம் கூடலாம், இரவில் அலறலாம், உணவை மறுக்கலாம். வீடு திரும்பிய பின்னும் அது சில நாள் நீடிப்பதுண்டு. ஆகவே உங்கள் அம்மாவை இடம் மாற்றாதீர்கள், ஆள் வீட்டுக்கு வரட்டும். அம்மாவுக்குத் தெரிந்த முகம் ஒன்று, அத்தையோ பக்கத்து வீட்டுக்காரரோ, தினமும் ஒருவேளை எட்டிப் பார்க்கட்டும்.

எடுத்த எடுப்பில் பத்து நாள் வேண்டாம். முதலில் ஒரே ஓர் இரவு வேறிடத்தில் தூங்கிவிட்டு வாருங்கள். காலையில் அம்மாவின் முதுகு, இடுப்பு, குதிகால் தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். அழுத்தினாலும் சிவப்பு மறையவில்லை என்றால், இரவில் சரியாகப் புரட்டவில்லை என்று சந்தேகப்படலாம். அந்த ஆளை நம்பிப் பயணச்சீட்டு எடுக்காதீர்கள்.